போரும் இறுதித் தீர்ப்பும்

பெரும் போர் ஒன்று மூளும்போதெல்லாம் மனித உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழுவது இயல்பு. இது ஏன் வந்தது? எப்போது ஓயும்? இதுதானோ உலகத்தின் முடிவு? முதல் இரண்டு வினாக்களுக்கும் விடை காண அரசியல் நூலும் பொருளியல் நூலும் துணை செய்யும். மூன்றாம் வினாவோ சமயத்தின் வாயிலில் நின்று கேட்கப்படுவது. ஊழியையும் பிரளயத்தையும் பற்றி நம் நாட்டுப் புராணங்கள் பேசுகின்றன. கியாமத் நாளைப் பற்றி இஸ்லாம் பேசுகிறது. இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிக் கிறிஸ்தவ மறை பேசுகிறது. இவற்றுள், கிறிஸ்தவர்கள் தத்தம் காலத்துப் போர்களைத் தம் மறைநூலின் தீர்க்கதரிசனங்களோடு எவ்வாறு பொருத்திப் பார்த்தனர் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

மாணவர்களே, உலகம் என்று முடியும் என்பதை ஆராய்வது நம் வேலையன்று. ஒருவரது நம்பிக்கை அவரவர் உள்ளத்துக்கு உரியது. ஆயினும், ஒரு நம்பிக்கையைக் கொண்டு மனிதர் செய்த செயல்கள் வரலாற்றுக்கு உரியவை. ஒரே மறைநூலைப் படித்த இரு கூட்டத்தாருள் ஒரு கூட்டத்தார் ஆறுதலும் பொறுமையும் பெற்றனர். மற்றொரு கூட்டத்தார் வாளை உருவினர். இவ்வேற்றுமை எங்ஙனம் நேர்ந்தது என்று காண்பது நமக்குப் பெரும் பயன் தரும்.

முதற்கண் அந்நூல்களை நோக்குவோம். உலக முடிவைப் பற்றிய கிறிஸ்தவக் கருத்துக்கள் விவிலியத்தின் பல பகுதிகளில் காணப்படினும், சிறப்பாக இரண்டு நூல்களை ஆதாரமாகக் கொண்டவை. ஒன்று பழைய ஏற்பாட்டிலுள்ள தானியேலின் ஆகமம். மற்றொன்று புதிய ஏற்பாட்டின் இறுதியில் நிற்கும் வெளிப்படுத்தின விசேஷம். கி.மு. 167இல் அந்தியோக்கஸ் எபிபானஸ் என்னும் சிரியா நாட்டு அரசன் எருசலேம் ஆலயத்தில் வேற்றுத் தெய்வத்துக்குப் பலிபீடம் நாட்டி, யூதர்களின் வழிபாட்டைத் தடுத்தான். அத்துன்பக் காலத்தில்தான் தானியேலின் நூல் இன்றுள்ள வடிவத்தை அடைந்தது என்று ஆராய்ச்சியாளருள் பெரும்பாலோர் கருதுவர். கடலினின்று எழும் நான்கு கொடிய விலங்குகளாக நான்கு பேரரசுகளை அந்நூல் உருவகம் செய்கிறது. விலங்குகளின் ஆட்சி நிலையாது; இறுதியில் நீதியின் அரசு வரும் என்பது அதன் சாரம்.

வெளிப்படுத்தின விசேஷமும் துன்பத்தில் பிறந்த நூலே. ஏஜியன் கடலிலுள்ள பத்மு என்னும் சிறு தீவில் இருந்தபோது யோவான் என்பார் கண்ட தரிசனங்களாக அது அமைந்துள்ளது. எபேசு, சிமிர்னா முதலிய ஏழு நகரங்களின் திருச்சபைகளுக்கு அது எழுதப்பட்டது. ரோமப் பேரரசன் டொமிஷியனின் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 95இல் அது தோன்றியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கொள்கை. அதற்குள் எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் ரோமப் படையால் தீக்கிரையாகியிருந்தது. பேரரசனைத் தெய்வமாக வணங்க மறுப்பவர்க்கு உயிர் நிச்சயமில்லாத காலம் அது. ஆகையால் ரோமாபுரியை வெளிப்படையாகப் பெயர் சொல்லாமல், பாபிலோன் என்று மறைபொருளாகக் குறித்து, ஏழு மலைகளின்மேல் அமர்ந்திருப்பவள் என்று அடையாளம் காட்டுகிறார் ஆசிரியர்.

அந்நூலின் ஆறாம் அதிகாரத்தில் வரும் நான்கு குதிரைகளை ஐரோப்பிய ஓவியர் பலர் தீட்டியுள்ளனர். வெண்குதிரையின்மேல் வில்லேந்திய வெற்றி வீரன். சிவப்புக் குதிரையின்மேல் சமாதானத்தைப் பறிக்கும் வாளினன். கறுப்புக் குதிரையின்மேல் தராசு பிடித்தவன். மங்கிய நிறக் குதிரையின்மேல் மரணம். இவ்வரிசையை ஊன்றிக் கவனியுங்கள். நாடு பிடிக்கும் ஆசை முதலில் வருகிறது. அதன் பின்னே போர். போரின் பின்னே பஞ்சம். பஞ்சத்தின் பின்னே சாவு. கறுப்புக் குதிரை வரும்போது ஒரு படி கோதுமைக்கு ஒரு நாட்கூலி முழுவதும் விலையாகக் கூறப்படுகிறது. போரினால் கூலிக்காரன் வயிறு காய்வதை அறிந்த ஒருவரே இவ்வாறு எழுதியிருக்க முடியும். தீர்க்கதரிசனம் என்று கொள்ளாதவரும் போரின் இலக்கணம் என்று இதனை ஏற்பர்.

அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. பிற்காலத்தார் பலர் மறந்துவிட்டது அது. கொடுமைக்கு உள்ளான அடியார்கள் அதில் ஓரிடத்திலும் ஆயுதம் ஏந்துவதில்லை. அவர்கள் முறையிடுகிறார்கள், காத்திருக்கிறார்கள், சாகவும் செய்கிறார்கள். தீர்ப்பு வழங்குவது கடவுளின் செயல். வெற்றி பெறுவதோ அறுக்கப்பட்ட ஆட்டுக்குட்டி என்று உருவகிக்கப்படும் கிறிஸ்து. வெண்குதிரை ஏறிவரும் இறுதி வீரரின் வாள் கையில் இல்லை. அது வாயினின்று புறப்படுகிறது என்று கூறுவதால் அது சொல்லின் வாள் எனப் பொருள் கொள்வாரும் உளர். இயேசுநாதரும் தம் சீடரிடம் போர்ச் செய்திகளைக் கேட்டுக் கலங்க வேண்டாம் என்றும், முடிவு உடனே வந்துவிடாது என்றும், அந்த நாளையும் நாழிகையையும் வானதூதரும் அறியார் என்றும் கூறியதாக நற்செய்தி நூல்கள் தெரிவிக்கின்றன. ஆக, அடையாளங்களைக் காணுங்கள் என்னும் குரல் ஒன்று. நாள் குறிக்காதீர்கள் என்னும் குரல் மற்றொன்று. இவ்விரு குரல்களுக்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே பின்வந்த வரலாறு.

இறுதிப் போரின் களமாக அர்மகெதோன் என்னும் பெயர் வழங்குவதை நீங்கள் செய்தித்தாள்களிலும் கண்டிருப்பீர்கள். இச்சொல் விவிலியம் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. மெகிதோ மலை என்பதே இதன் பொருள் எனப் பலர் உரைப்பர். மெகிதோ கற்பனை ஊரன்று. எகிப்திலிருந்து மெசபொத்தேமியாவுக்குச் செல்லும் பழம்பெரும் பாதையில், யெஸ்ரயேல் சமவெளியின் வாயிலைக் காத்து நின்ற கோட்டை நகரம் அது. எகிப்திய மன்னன் மூன்றாம் துத்மோஸ் அங்குப் போரிட்டான். யூதேயாவின் நல்லரசன் யோசியா கி.மு. 609இல் அங்கேயே மாண்டான். 1918 செப்டம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி துருக்கியப் படையை முறியடித்த போருக்கும் மெகிதோப் போர் என்றே பெயரிட்டனர்; அப்படையெடுப்பில் மைசூர், ஜோத்பூர் குதிரைப் படையினர் ஹைஃபா நகரைக் கைப்பற்றினர். மெகிதோவில் போர் நடந்தது, உலகம் முடியவில்லை.

இனி ரோமாபுரிக்கு வருவோம். கி.பி. 313இல் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்தான். 380இல் தியோடோஷியஸ் கிறிஸ்தவத்தை அரச சமயமாக்கினான். முன்னே பாபிலோன் எனப் பழிக்கப்பட்ட அதே ரோமாபுரி, இப்போது கடவுளின் திட்டத்துக்குக் கருவி என்று புகழப்பட்டது. பேரரசும் கடவுளரசும் ஏறக்குறைய ஒன்றே என எண்ணும் மனப்பான்மை வளர்ந்தது. அந்நிலையில் விசிகாத்தியரின் தலைவன் அலாரிக் நகரை முற்றுகையிட்டான். 408இல் விலகிச் செல்வதற்கு அவன் பெற்ற கப்பத்தில் 5,000 இராத்தல் பொன்னும் 30,000 இராத்தல் வெள்ளியும் மட்டுமன்றி 3,000 இராத்தல் மிளகும் இருந்தது. நம் மேலைக் கடற்கரையிலிருந்து கப்பலேறிச் சென்ற மிளகு, ரோமாபுரியின் உயிருக்கு விலையாயிற்று. ஆயினும் அமைதி நிலைக்கவில்லை. 410 ஆகஸ்ட் 24ஆம் நாள் அலாரிக்கின் படை நகருக்குள் புகுந்து மூன்று நாள் கொள்ளையிட்டது.

எண்ணூறு ஆண்டுகளாக அந்நியர் எவரும் நுழையாத நகரம் அது. பெத்லகேமில் மறைநூல் விரிவுரை எழுதிக்கொண்டிருந்த ஜெரோம் என்னும் பேரறிஞர், அச்செய்தி கேட்டு எழுத்து ஓடாமல் திகைத்துப்போனார். அகதிகள் கூட்டங்கூட்டமாக வட ஆப்பிரிக்காவில் வந்து இறங்கினர். அவர்களோடு இரண்டு பேச்சுக்களும் வந்து இறங்கின. பழைய தெய்வங்களைக் கைவிட்டதனாலேயே இக்கேடு விளைந்தது என்றனர் பழஞ்சமயத்தார். தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது, உலகம் முடியப் போகிறது என்றனர் கிறிஸ்தவருள் பலர். இரு சாராரும் ஒரு செய்தியில் ஒத்திருந்தனர்: நடந்த அழிவு யாரோ ஒருவர் செய்த பாவத்துக்குத் தெய்வம் அளித்த தண்டனை; அந்த ஒருவர் எவர் என்பதில்தான் வேறுபாடு.

இவ்விரு சாராருக்கும் விடை கூற எழுந்தவர் ஹிப்போ நகரின் மேற்றிராணியார் அகுஸ்தீனார். 413 முதல் 426 வரை அவர் உழைத்து எழுதிய நூல் 'கடவுளின் நகரம்'. அது 22 பாகங்களை உடையது. முதலில் அவர் பழஞ்சமயத்தாருக்கு வரலாற்றைக் காட்டினார். கிறிஸ்து பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே கால் இனத்தார் ரோமாபுரியை எரித்தனர். ஹானிபால் இத்தாலியைச் சூறையாடினான். மாரியஸ், சுல்லா ஆகிய ரோமர்களே தம் மக்களின் குருதியைத் தெருக்களில் ஓடவிட்டனர். அக்காலத்தில் பழைய தெய்வங்களின் கோயில்கள் திறந்தே இருந்தனவே என்று அவர் வினவினார்.

அடுத்து அவர் தம்மவர்க்குக் கூறிய விடையே நம் பேச்சுக்கு இன்றியமையாதது. ஒரே துன்பம் நல்லவர்மீதும் தீயவர்மீதும் விழுகிறது. ஆதலின் துன்பத்தைக் கண்டு இன்னார் பாவி என்று தீர்ப்புக் கூற இயலாது என்றார். இதற்கு அவர் ஒலிவ எண்ணெய் ஆட்டும் செக்கை உவமை காட்டினார். ஒரே செக்குத்தான் அழுத்துகிறது. தெளிந்த எண்ணெயும் அதனின்று வருகிறது, கசடும் அதனின்றே வருகிறது. என்ன துன்பம் வந்தது என்பதைவிட, அதனைத் தாங்கியவர் எத்தகையவர் என்பதே கருதத்தக்கது. மேலும், கடவுளின் நகரமும் மண்ணுலக நகரமும் இறுதி நாள் வரையில் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கும் உரிமை எந்த மனிதனுக்கும் இல்லை என்றார். ரோமப் பேரரசு கடவுளின் அரசும் அன்று, சாத்தானின் அரசும் அன்று. பிற அரசுகளைப் போலத் தோன்றி மறையும் ஓர் அரசே.

நாள் குறிப்போரையும் அவர் விடவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் ஆயிரம் ஆண்டு ஆட்சி கூறப்படுகிறது. இதனை எழுத்துப்படி கொண்டு ஆண்டுகளைக் கணக்கிட்டவர் பலர். அகுஸ்தீனாரும் தொடக்கத்தில் அக்கருத்தின் ஒரு வகையை ஏற்றிருந்தார். பின்னர் அதனைக் கைவிட்டு, ஆயிரம் ஆண்டு என்பது திருச்சபை இவ்வுலகில் வாழும் காலம் முழுவதையும் குறிக்கும் என விளக்கினார். சலோனா நகரத்து மேற்றிராணியார் ஹெசிக்கியஸ், முடிவு அண்மையில் உள்ளது என்று உறுதியாக நம்பி அவருக்கு எழுதினார். 418இல் தோன்றிய சூரிய கிரகணம் மக்களை அச்சுறுத்தியிருந்த காலம் அது. அகுஸ்தீனார் எழுதிய நீண்ட மறுமொழியில் மூன்று ஊழியரைப் பற்றிக் கூறுகிறார். தலைவர் விரைவில் வருவார், விழித்திருப்போம் என்கிறான் ஒருவன். அவர் வரக் காலம் ஆகும், ஆயினும் நம் வாழ்வு குறுகியது, விழித்திருப்போம் என்கிறான் இரண்டாமவன். எப்போது வருவார் என்று அறியோம், ஆகவே விழித்திருப்போம் என்கிறான் மூன்றாமவன். மூவரும் தலைவர்மேல் அன்புடையவரே. ஆயினும் பிழைபட வழியில்லாதவன் மூன்றாமவனே என்பது அகுஸ்தீனாரின் முடிவு.

நடுநிலையுடன் வரலாறு கற்போர் இன்னொரு பக்கத்தையும் காணல் வேண்டும். இதே அகுஸ்தீனார், அமைதியை நிலைநாட்டும் பொருட்டு நேர்மையான அரசன் போர் செய்யலாம் என்று எழுதினார். தொனாத்தியர் என்னும் பிரிவினரைத் திருச்சபையுடன் சேர்க்க அரசின் வற்புறுத்தலையும் அவர் ஆதரித்தார். பிற்காலத்தில் சமயத்தின் பெயரால் வன்முறை செய்தோர் இவ்வெழுத்துக்களைத் துணைக்கு அழைத்தனர். பெரியோரின் பெருமையை மட்டும் படித்து அவர்தம் குறையை விட்டுவிடுவது வரலாறு ஆகாது.

ஆயினும் அவரது இறுதி நாட்கள் அவருடைய கொள்கைக்குச் சான்றாயின. வாந்தலர் வட ஆப்பிரிக்காவை அழித்துக்கொண்டு வந்தனர். குருமார் ஊரை விட்டு ஓடலாமா என ஹொனராட்டஸ் என்னும் மேற்றிராணியார் கேட்டார். தம் கண்முன்னே தம் உலகம் முடிந்துகொண்டிருந்தபோதும் அகுஸ்தீனார் ஆண்டுக் கணக்குப் போடவில்லை. மக்கள் ஓட இயலாது எஞ்சியிருக்கும் வரையில் மேய்ப்பரும் அவர்களுடன் இருக்க வேண்டும் என்று விடை எழுதினார். 430 ஆகஸ்ட் 28ஆம் நாள், வாந்தலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருக்கையில், அவர் அந்நகரிலேயே உயிர் நீத்தார்.

இடைக்காலத்தில் அகுஸ்தீனாரின் விளக்கமே மேலோங்கியிருந்தது. எனினும் நாள் குறிக்கும் ஆவல் மறையவில்லை. இத்தாலியின் தென்பகுதியில் வாழ்ந்து 1202இல் மறைந்த யோவாக்கிம் என்னும் துறவி, வரலாற்றை மூன்று யுகங்களாகப் பகுத்தார். அவரைப் பின்பற்றியோர் 1260ஆம் ஆண்டில் மூன்றாம் யுகம் பிறக்கும் என எதிர்பார்த்தனர். அவ்வாண்டும் மற்ற ஆண்டுகளைப் போல வந்து சென்றது.

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனி கொந்தளித்தது. 1517இல் லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தம் ஒருபுறம். 1529இல் வியன்னா நகரை முற்றுகையிட்ட துருக்கியரின் படை மறுபுறம். இறுதி நாள் அண்மிவிட்டதென்று லூதரும் நம்பினார். துருக்கியர் கடவுளின் கையிலுள்ள தண்டக்கோல் என்றும், அக்கோல் முதலில் தம் மக்களின் பாவத்தையே சுட்டுகிறது என்றும் அவர் கூறினார். நாட்டைக் காப்பது அரசனின் கடமை. ஆயினும் கிறிஸ்துவின் பெயரால் சிலுவைப் போர் செய்வது தவறு என 1529இல் எழுதினார். அவருடைய நண்பர் மைக்கேல் ஸ்டீஃபல் சிறந்த கணித வல்லுநர். அவர் விவிலியச் சொற்களை எண்களாக்கிக் கணக்கிட்டு, 1533 அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்று அறிவித்தார். மக்கள் தொழிலை விட்டுவிட்டுக் காத்திருந்தனர். எட்டு மணி கடந்தது. ஸ்டீஃபல் காவலில் வைக்கப்பட்டார். லூதரின் பரிந்துரையால் விடுதலை பெற்றபின், தம் ஆற்றலை உரிய வழியில் செலுத்தி, 1544இல் புகழ்பெற்ற கணித நூல் ஒன்றை வெளியிட்டார். கணக்கில் தவறில்லை, கணக்கிட முடியாததைக் கணக்கிட முற்பட்டதே தவறு.

ஸ்டீஃபலின் பிழையால் ஓர் ஊரின் உழைப்பு வீணாயிற்று. அதே காலத்தில் வேறோர் இடத்தில் நேர்ந்த பிழையால் ஒரு நகரமே பாழாயிற்று. குழந்தைப் பருவத்து ஞானஸ்நானத்தை ஏற்காமல், அறிவு வந்தபின் மறுபடியும் ஞானஸ்நானம் பெறுவோரை மறுஞானஸ்நானத்தார் என்பர். அவர்களுள் மிகப் பலர் அமைதி விரும்பிகள். அவர்களைக் கத்தோலிக்கரும் லூதரின் வழியினரும் ஒருங்கே துன்புறுத்தினர். இவர்களிடையே மெல்கியோர் ஹாஃப்மன் என்னும் தோல் வணிகர், 1533இல் முடிவு வரும், ஸ்ட்ராஸ்பர்க் நகரமே புதிய எருசலேம் ஆகும் என்று போதித்தார். அடியார்கள் வாளெடுக்காமல் காத்திருக்க வேண்டும் என்பதே அவர் போதனை. அவர் சிறையில் அடைக்கப்பட்டார். குறித்த ஆண்டும் கடந்தது.

இந்நிலையில் ஹார்லெம் நகரத்து ரொட்டி சுடுபவரான யான் மத்திஸ் என்பார் முன்வந்தார். காத்திருக்கும் காலம் கடந்துவிட்டது, புதிய எருசலேம் மூன்ஸ்டர் நகரமே என்று அவரைச் சார்ந்தோர் முழங்கினர். 1534 பிப்ரவரியில் அந்நகர ஆட்சி அவர்கள் கைக்கு வந்தது. மறுஞானஸ்நானம் பெற மறுத்தோர் கடுங்குளிரில் நகரை விட்டு விரட்டப்பட்டனர். உடைமைகள் பொதுவாக்கப்பட்டன. விவிலியம் தவிர்ந்த நூல்கள் எரிக்கப்பட்டன. நகரத்துக்குரிய மேற்றிராணியார் படையுடன் வந்து முற்றுகையிட்டார். ஈஸ்டர் பண்டிகையில் முடிவு வரும் என மத்திஸ் கூறியிருந்தார். அப்பண்டிகைக் காலத்தில் ஒரு சிறு கூட்டத்துடன் கோட்டைக்கு வெளியே சென்று பெரும்படையை எதிர்த்த அவர் வெட்டுண்டு மாண்டார்.

அவருக்குப் பின் லைடன் நகரத்துத் தையற்காரர் யான் தலைமை ஏற்றார். அவ்வாண்டிலேயே தம்மைப் புதிய எருசலேமின் அரசனாக முடிசூட்டிக்கொண்டார். ஓர் ஆடவன் பல பெண்களை மணக்கலாம் என்று சட்டம் இயற்றினார்; எதிர்த்தவர்கள் உயிரிழந்தனர். நகரத்துப் போதகர் ரோத்மன், பழிவாங்குதலைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தீயோரைத் தண்டிக்கும் நாள் வந்துவிட்டது, அத்தண்டனையை நிறைவேற்றும் வாள் அடியார் கையிலேயே தரப்பட்டுள்ளது என்பது அதன் கருத்து. ஹாஃப்மன் காத்திருக்கச் சொன்னதற்கும் ரோத்மன் வாளெடுக்கச் சொன்னதற்கும் இடையே கழிந்த காலம் மிகச் சிறிது. கடந்த பாதையோ மிகப் பெரிது. கடவுளின் தீர்ப்புக்கு அஞ்சியவர்கள், இப்போது கடவுளின் தீர்ப்பைத் தாமே வழங்கும் நீதிபதிகள் ஆயினர்.

1535இல் நகரத்தினுள் கொடும் பஞ்சம் புகுந்தது. கறுப்புக் குதிரையின் வரிசை தவறவில்லை. ஜூன் மாதத்தில் உள்ளிருந்து தப்பிய சிலர் வழிகாட்ட, படை உட்புகுந்தது. வென்றவர்களும் இரக்கம் காட்டவில்லை. நகர மக்கள் பலர் கொல்லப்பட்டனர். 1536 ஜனவரி 22ஆம் நாள் யானும் அவர் துணைவர் இருவரும் சித்திரவதை செய்து கொல்லப்பட்டனர். அவர்களுடைய உடல்கள் மூன்று இரும்புக் கூண்டுகளில் இடப்பட்டுப் புனித லாம்பர்ட் தேவாலயக் கோபுரத்தில் தொங்கவிடப்பட்டன. அக்கூண்டுகள் இன்றும் அங்குத் தொங்குகின்றன. அவை யானின் கொடுமைக்கு மட்டுமன்றி, அவரைத் தண்டித்தவர்களின் கொடுமைக்கும் சாட்சியாகும்.

அதே 1536ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மென்னோ சைமன்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு தம் பதவியைத் துறந்தார். அவரும் மறுஞானஸ்நானக் கொள்கையை ஏற்றார். இறுதித் தீர்ப்பையும் நம்பினார். ஆனால் மூன்ஸ்டரின் வழியை வன்மையாகக் கண்டித்து, சிதறிய மக்களைத் திரட்டி, எந்நிலையிலும் வாளெடுப்பதில்லை என்னும் நெறியில் நிறுத்தினார். அவர் பெயரால் வழங்கும் மென்னோனைட் திருச்சபையார் இன்றளவும் போரை மறுப்போராக அறியப்படுகின்றனர். இங்கிலாந்திலும் இதுபோன்றது நிகழ்ந்தது. தானியேலின் நான்கு அரசுகளுக்குப் பின் ஐந்தாம் அரசை நிறுவுவோம் என்று ஒரு கூட்டத்தார் 1661 ஜனவரியில் லண்டன் தெருக்களில் கலகம் செய்தனர். அதன் விளைவாகக் குற்றமற்ற குவேக்கர்கள் ஆயிரக்கணக்கில் சிறைப்பட்டனர். அப்போது குவேக்கர்கள் எல்லாப் போர்களையும் துறப்பதாக மன்னருக்கு அறிவிக்கை அளித்தனர். ஒரே மரத்தில் ஒரு கிளை நஞ்சும் ஒரு கிளை கனியும் தந்தது போன்றது இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் உழவர் தானியேலின் நூலைக் கணக்கிட்டுத் தொடங்கிய இயக்கம், 1844 அக்டோபர் 22ஆம் நாளை எதிர்நோக்கிக் காத்திருந்து ஏமாந்தது. அவர்கள் எவரையும் தாக்கவில்லை. ஆனால் அதே நாட்டில் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கத் தென்மாநிலங்கள் பிரிந்தன. இரு பக்கத்தாரும் கடவுள் தம் பக்கம் என்றனர். வடபகுதியார் பாடிய புகழ்பெற்ற போர்ப்பாட்டை ஜூலியா வார்டு ஹவ் எழுதினார். வெளிப்படுத்தின விசேஷத்திலுள்ள கடவுளின் கோபத்துக்குரிய திராட்சை ஆலை என்னும் உருவகம் அதில் இடம்பெற்றது. போரில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வெற்றி கைக்கெட்டும் நிலையில், 1865 மார்ச் 4ஆம் நாள், ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறையாகப் பதவியேற்றுப் பேசினார். வென்றவர் பேச்சில் எதிரியின் பாவம் எண்ணப்படுவதே உலக வழக்கு. லிங்கன் அவ்வாறு செய்யவில்லை. இரு திறத்தாரும் ஒரே விவிலியத்தைப் படித்து ஒரே கடவுளை வேண்டினர் என்றார். அடிமை முறை பெரும் பாவமே எனத் தெளிவாகக் கூறியபின், அப்பாவத்துக்குரிய தண்டனையாகிய இப்போர் வடக்கு, தெற்கு ஆகிய இரண்டின்மீதும் வந்துள்ளது என்றார். முடிவில் எவர்மேலும் பகை பாராட்டாமல் நாட்டின் புண்ணை ஆற்ற அழைத்தார். போரைக் கடவுளின் தீர்ப்பாகக் காணும் பார்வை இங்கும் உள்ளது. ஆனால் தீர்ப்புக்கு உட்பட்டவர் வரிசையில் தம் மக்களையும் அவர் நிறுத்தினார். அகுஸ்தீனாரின் செக்கு இங்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவின்மேல் அணுகுண்டு வீழ்ந்தபின் இவ்வினா புதிய உருக் கொண்டது. அதற்கு முன் உலகின் முடிவு கடவுளின் கையில் மட்டுமே இருப்பதாக மக்கள் எண்ணினர். அதன் பின் அது தம் கையிலும் இருப்பதைக் கண்டு நடுங்கினர். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகத் திருச்சபைகளின் மன்றம், போர் கடவுளின் சித்தத்துக்கு மாறானது என அறிவித்தது. 1963இல் பாப்பரசர் இருபத்துமூன்றாம் யோவான் வெளியிட்ட உலக அமைதி பற்றிய சுற்றுமடல், நல்லெண்ணமுடைய எல்லா மனிதரையும் நோக்கி எழுதப்பட்டது. மனிதன் தானே மூட்டும் தீயைக் கடவுளின் தீ என்று சொல்லித் தப்ப இயலாது என்னும் உணர்வு பலரிடம் வலுப்பெற்றது.

மாணவர்களே, போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் வரும்போது, இது இன்னாருக்கு வந்த தெய்வ தண்டனை என்று முழங்குவோர் எக்காலத்தும் எச்சமயத்திலும் தோன்றுவர். அவர் சொல்லைக் கேட்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். நாளும் நாழிகையும் தமக்குத் தெரியும் என்கிறாரா? தீர்ப்புக்கு உட்பட்டவர்களுள் தம்மையும் சேர்த்துக்கொள்கிறாரா? தண்டிக்கும் வாளைத் தம் கையில் எடுக்கச் சொல்கிறாரா? மூன்ஸ்டரின் கூண்டுகள் இவற்றுக்குத் தவறான விடை எங்குக் கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டுகின்றன. முற்றுகைக்குள்ளும் தம் மக்களை விட்டு நீங்காத ஹிப்போ நகரத்து முதியவரும், வெற்றியின்போதும் தம்மவர் பாவத்தை மறைக்காத லிங்கனும் வேறொரு வழியைக் காட்டுகின்றனர். முடிவு எப்போது வரும் என்பதை அறியும் பொறுப்பு நமக்கு அளிக்கப்படவில்லை. அது வரும்வரையில் அயலானுக்கு என்ன செய்கிறோம் என்னும் பொறுப்பு நமக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.